ஐந்தாவது கட்டம்

தரக்குழு தையில் வருகிறது.
அதற்குள் கணினி மையத்தின் சேவைகளை
அட்டவணையாக்கித் தரும்படி
இணைப் பதிவாளர் கையெழுத்திட்ட தாள்
என் மேசைக்கு வந்த அன்று
ஐப்பசி மழை
ஜெனரேட்டர் அறைக்குள் நின்றுகொண்டிருந்தது.

வரிசை எண். சேவை. யாருக்கு.
எவ்வளவு நேரத்தில்.
பொறுப்பாளர்.

மின்னஞ்சல் கணக்கு: ஆசிரியர், அலுவலர், ஆய்வாளர்.
ஒரு வேலை நாள்.
கடவுச்சொல் மாற்றம்: எல்லோருக்கும். பதினைந்து நிமிடம்.
தேர்வுப் பிரிவு குஞ்சிதபாதம் சாருக்கு மட்டும்
திங்கள்தோறும், வியாழன்தோறும்.
அதை எழுதவில்லை.
வைஃபை: விடுதிகள் நான்கு, தடையின்றி
என்று அடித்துவிட்டு
ஜன்னலைப் பார்த்தேன்.
கடைசிச் சொல்லை அழித்தேன்.

இருபத்தாறு வரிசை முடிந்த மாலை
சர்வர் அறையில் கணக்கு இடித்தது.
பதிவேட்டில் ஒன்பது பெட்டி,
ரேக்கிலும் ஒன்பது,
பத்தாவதாக ஒரு மூச்சு மட்டும் கேட்டது.
யுபிஎஸ் பாட்டரிகளுக்குப் பின்னால்
வெள்ளம் ஏறினாலும் நனையாத உயரத்தில்
நான்கு செங்கல் மேல்
ஒரு பழைய மேசைக் கணினி.
திரை இல்லை, விசைப்பலகை இல்லை.
நெற்றியில் பிளாஸ்திரி,
அதில் பச்சை மை: அணைக்காதே.

நெட்வொர்க் பார்க்கும் வினோபா சொன்னான்,
"நான் வரும்போதே இருந்துச்சு மேடம்,
உசுரோட இருக்கறத எதுக்குத் தொடணும்."

திரை மாட்டிப் பார்த்தேன். ஒரே ஒரு வேலைதான்.
விடியல் ஐந்து நாற்பதுக்கு
மேட்டூர் மட்டம், கல்லணைத் திறப்பு,
எந்த வாய்க்காலுக்கு இன்று முறை,
மூன்று வரி,
முப்பத்தேழு கைபேசிகளுக்கு.
நிரலின் தலையில் எழுதியவர் பெயர்: மரியசூசை.
ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல்
ஐந்து வருடம் முன்பு போனவர்.
ஓசூர் என்கிறார்கள். மஸ்கட் என்கிறார்கள்.

'யாருக்கு' என்ற கட்டத்தை நிரப்ப
முதல் எண்ணை அழைத்தேன்.
வலங்கைமான் பக்கத்துக் குரல், பின்னால் பம்புசெட்.
"யூனிவர்சிட்டியா? நம்ம பயலுவ யாரும் அங்க படிக்கலியே."
தண்ணீர் மெசேஜ் என்றேன்.
கொஞ்ச நேரம் பம்புசெட் மட்டும் பேசியது.
"அது கவர்மெண்ட்டுன்னுல்ல நெனச்சேன்.
ஆமா, போன வாரம் ரெண்டு நாளு வரலியே, ஏன்?"

அந்தச் சேவைக்கு
ஐந்து வருடத்தில் வந்த முதல் புகார்.

ஒன்பதாம் எண் செத்துவிட்டது.
பதினான்காம் எண்ணை ஒரு பெண் எடுத்தார்.
"அவர் போயி ரெண்டு வருசமாச்சு.
நம்பர விடல. இப்ப நாந்தானே மடை பாக்குறேன்."

"பட்டியலில் இல்லாதது சேவை இல்லை"
என்றார் இணைப் பதிவாளர்.
பட்டியலில் சேர்த்தால்?
"பொறுப்பாளர் பெயர் வேண்டும்.
அதுவும், மாணவரல்லாத ஆட்களுக்கு நாம் எதற்கம்மா?"
இந்த வளாகம் பதினொரு வேலி நஞ்சை.
அது வேறு துறையின் ஆவணம்.
நான் சொல்லவில்லை.

வரிசை எண் இருபத்தேழு.
சேவை: நீர்மட்டத் தகவல்.
யாருக்கு: மடை பார்ப்பவர்கள், முப்பத்தாறு பேர்.
எவ்வளவு நேரத்தில்: விடிவதற்குள்.
ஐந்தாவது கட்டத்தில்
கர்சர் இமைத்துக்கொண்டே இருந்தது.
என் ஒப்பந்தம் பங்குனியில் முடிகிறது.
ச. ஃபர்ஜானா பர்வீன்
என்று அடித்துச் சேமித்தேன்.
செத்த எண்ணின் இடத்தில்
என் எண்ணைப் போட்டேன்.

மறுநாள் இருட்டில் தலையணை அதிர்ந்தது.
மேட்டூர் 98.20.
வெண்ணாரு குறைப்பு.
ஏழாம் வாய்க்கால் முறை இல்லை.

வெண்ணாறுக்குச் சின்ன ர.
ஐந்து வருடமாக, தினமும், அத்தனை பேருக்கும்.
பொறுப்பாளராக என் முதல் வேலை
அதைத் திருத்துவதுதான்.
அலுவலகம் வந்து நிரலைத் திறந்தேன்.
மூடிவிட்டேன்.
கவர்மெண்ட் என்று அவர்களை
இத்தனை நாள் நம்பவைத்ததே
அந்த எழுத்தாக இருக்கலாம்.